உளியும் பந்தும்

செஞ்சிக் கோட்டையின் கம்பீரத்தில் மனம் பறிகொடுத்துத் திரும்பும் யாத்திரிகர்களில் பலர், அங்கிருந்து விழுப்புரம் செல்லும் திசையில் அமைதியாகக் கிடக்கும் மண்டகப்பட்டு என்னும் சிற்றூரைக் காணாமலே போய்விடுகிறார்கள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து, அயன், அரன், அரி மூவர்க்கும் ஆலயம் சமைத்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி இதனை ஆக்கினேன் என்னும் பொருள்பட ஒரு சாசனத்தையும் பொறித்து வைத்தான். அண்மையில் அந்தக் குடைவரையின் தூண்களுக்கு முன்னே நின்றபோது என் நினைவுக்கு வந்தவர், சென்னையைச் சேர்ந்த கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை. காரணத்தைச் சொல்கிறேன்.

1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் அறைந்து தொடங்கிவைத்த அந்த விளையாட்டு, அந்நாட்டில் இன்று வீரர்களுக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தரும் தொழிலாக வளர்ந்திருக்கிறது. 1997 முதல் பெண்களுக்கும் அங்கே தனியாகத் தொழில்முறைப் போட்டிகள் நடைபெறுகின்றன. அத்தகைய வசதி அமையாத நம் நாட்டிலோ, பந்தைக் கையிலெடுக்கும் பெண்ணுக்கு ரயில்வே போன்ற நிறுவனங்களின் உத்தியோகமே ஜீவனாதாரம். தென்னக ரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே, செங்கல்லும் சுதையும் போன்ற அந்தச் சௌகரியங்கள் எவையும் இன்றித் தம் ஆட்டத்தைச் செதுக்கியவர் அனிதா.

பத்தொன்பதாம் வயதிலேயே இந்திய மகளிர் அணியின் தலைமையை ஏற்ற அவர், இரண்டாண்டுக்கு ஒருமுறை நடைபெறும் ஆசியப் போட்டிகளில், 2001 முதல் 2017 வரை, ஒன்றையும் தவறவிடாமல் ஒன்பது முறை ஆடினார். வேறெந்த இந்தியப் பெண்ணும் எய்தாத சாதனை அது. ஓர் அணியில் இடம் பன்னிரண்டு பேருக்குத்தான்; ஒவ்வொரு முறையும் புதிதாகத் தம்மை நிரூபித்தால் அன்றி அவ்விடம் நிலைப்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின், இனி ஓய்வுதான் என்று ஊரார் எண்ணும் பருவத்தில், மீண்டும் பயிற்சியைத் தொடங்கி உடலைப் பக்குவப்படுத்திக்கொண்டு, 2017 ஜூலையில் பெங்களூருவில் களம் இறங்கினார். ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதி ஆட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்னும் கணக்கில் வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

கட்டடம் கட்டுபவன் பிழை செய்தால் இடித்துவிட்டு மறுபடியும் கட்டலாம். பாறையைக் குடைபவனுக்கோ, பெயர்ந்துபோன சில்லைத் திரும்ப ஒட்ட வழியில்லை. ஆட்டக்காரரின் ஆயுளும் அத்தகையதே. கழிந்த பருவம் மீளாது. தவறவிட்ட பயிற்சி நாளை மற்றொரு நாள் ஈடுசெய்யாது. அதிகாலை உறக்கத்தையும் பண்டிகை நாட்களின் ஓய்வையும் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் சிறிது சிறிதாகச் செதுக்கித் தள்ளிய பின், எஞ்சி நிற்பதுதான் ஒரு விளையாட்டு வாழ்க்கை. பதக்கங்களைக் கண்டு மகிழும் நாம், செதுக்கித் தள்ளப்பட்டவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்பதே அவருக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை என்பது என் திடமான அபிப்பிராயம்.

மண்டகப்பட்டுக் குடைவரை உருவில் சிறியது, அலங்காரமும் குறைவு. ஆயினும் மகேந்திரனின் குடைவரைகளுள் முதலாவதாக அது கருதப்படுவதால், மாமல்லபுரத்து மண்டபங்களைக் குடைந்த பிற்காலச் சிற்பிகளுக்குப் பாறை வசப்படும் என்னும் நம்பிக்கையை அளித்த பெருமை அதற்கு உண்டு. ஏதோ ஒரு பள்ளியின் மண் தரையில், வளையத்தை அண்ணாந்து பார்த்து நிற்கும் சிறுமிக்கு அனிதாவின் ஒன்பது போட்டிகளும் அளிப்பது அந்த நம்பிக்கையைத்தான்.