சரக்குப் போக்குவரத்தின் வளர்ச்சியை அளப்பது எப்படி?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஒரு நாட்டின் சரக்குப் போக்குவரத்து ஆற்றல் எங்ஙனம் வளர்கிறது என்று கணிக்க முற்படுவோர், இருப்புப்பாதையின் நீளத்தையும் பெட்டிகளின் தொகையையும் கூட்டி, ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கோடு இழுத்துவிடுகின்றனர். அக்கோடு காகிதத்தில் அழகாக ஏறும். பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா துறையின் வரலாற்றை அறிந்தவர் அதனை எளிதில் நம்பமாட்டார்.

அங்கே தென்கரையில் அகலப்பாதை. வடகரையில் மீட்டர் பாதை. இடையே பாலமில்லாத பேராறு. தெற்கிலிருந்து ரயிலில் வந்த மூட்டைகள் இறக்கப்பட்டு, வேறு பெட்டிகளில் ஏற்றப்பட்டே மேற்செல்ல வேண்டியிருந்தது. புலி வேட்டையால் பெயர்பெற்ற ஜிம் கார்பெட் ஏறத்தாழ 20 ஆண்டுகள் அத்துறையில் இவ்வேலையின் ஒப்பந்தக்காரராக இருந்தார். புலிகளின் கதையைப் படித்த நம்மில் பலர் மூட்டைகளின் கதையை அறியோம்!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய துறைக்கு நாளொன்றுக்கு 100 பெட்டிகள் வருகின்றன. தொழிலாளரால் மாற்ற இயன்றது 60 பெட்டிச் சரக்கே என்று கொள்வோம். எஞ்சிய 40 பெட்டிகள் நிற்கும். இங்கே நிற்கும் பெட்டி வேறோர் ஊரில் கிடைக்காத பெட்டி அன்றோ? ஓர் இடுக்கில் தோன்றிய நெருக்கடி இவ்வாறு நெடுந்தூரம் பரவுகிறது. அந்நிலையில் புதுப் பெட்டிகளை வாங்கிக் குவித்தால் வரிசைதான் நீளும். மாறாக, ஒரு பெட்டி ஒருமுறை சரக்கேற்றியபின் மறுமுறை ஏற்றுவதற்கு 10 நாள் ஆவதை 5 நாளாகக் குறைத்துவிட்டால், ஒன்றும் வாங்காமலே பெட்டிகளை இருமடங்காக்கியதற்கு அஃது ஒப்பாகும்.

1959இல் அவ்விடத்தில் இராஜேந்திர பாலம் திறக்கப்பட்டது. மேலே சாலை, கீழே இருப்புப்பாதை. இடுக்கு மறைந்ததா? வடகரைக்குக் குடிபெயர்ந்தது! பரௌனியை அடுத்த கரஹராவில், அகலப்பாதைச் சரக்கை மீட்டர் பாதைக்கு மாற்றும் மாபெரும் நிலையம் இயங்கிற்று. 1966ஆம் ஆண்டு வறட்சியின்போது நம் நாடு ஏறத்தாழ 1 கோடி டன் தானியத்தை இறக்குமதி செய்தது. கப்பல் கரைசேர்ந்த நாளே பசி தீர்ந்த நாளாகிவிடவில்லை. வடபீகாரின் மீட்டர் பாதை ஊர்களுக்கு ரயிலில் செல்ல வேண்டிய தானியம், வழியில் பெட்டி மாறியே ஆகவேண்டும்.

பின்னர் முதன்மைப் பாதைகள் அகலமாக்கப்பட்டன. கரஹராவின் பரபரப்பு ஓய்ந்தது. ஒற்றைப் பாதை கொண்ட அப்பாலமே அடுத்த இடுக்காயிற்று. அதனருகே புதிய ரயில் பாலத்துக்கு 2016இல் அடிக்கல் நாட்டினர். முதற்பாலம் திறந்து 57 ஆண்டுகள் கழித்து!

ஆகவே, வளர்ச்சியைக் கணிப்போர் ஒவ்வோராண்டும் இடுக்கு எங்கே இருக்கிறது, அதைத் திறக்க எத்தனை ஆண்டு ஆகும், திறந்தபின் அஃது எங்கே நகரும் என்று கேட்டல் வேண்டும். விடை ஏறுகோடாக வராது. நெடுநாள் தேங்கிப் பின் எழும் படிகளாக வரும். அக்கணக்கில் இன்னும் ஒரு பத்தியும் வேண்டும். இடுக்கு திறந்த அன்றே அங்கே மூட்டை சுமந்தவரின் கூலியும் நின்றுபோகிறது. அடுத்த இடுக்கில் வேலை உண்டுதான். ஆனால் அது வேறோர் ஊரில்.