இழந்த வேலையும் ஏற்ற வேலையும்

(விழா அரங்கில் ஆற்றிய உரை)

 

திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கைப்பேசித் தொழிற்சாலை 2006ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கிற்று. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்த இளைஞரும் இளம்பெண்டிரும் அங்கே பணிக்குச் சென்றனர். பல வீடுகளில் மாதச் சம்பளம் என்னும் ஒன்றை முதன்முதலாகக் கொண்டுவந்தவர்கள் அப்பெண்களே. தம்பியின் படிப்புக்கும் தங்கையின் திருமணத்துக்கும் அச்சம்பளம் துணையாயிற்று.

2013ஆம் ஆண்டில் வரி வழக்கொன்றின் காரணமாக அவ்வாலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. மறு ஆண்டு ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவை விலைக்கு வாங்கியபோது, இவ்வாலை மட்டும் அவ்விற்பனையில் சேராது வெளியே நின்றது. 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தி நின்றது. விருப்ப ஓய்வு என்னும் பெயரில் ஆயிரக்கணக்கானோர் அதற்கு முன்பே விலகியிருந்தனர். அவ்விருப்பம் எத்தகையது என்பது அவையோர் அறியாததன்று.

வழக்கு வரித்துறைக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடந்தது. வேலையை இழந்தவரோ அவ்வழக்கில் ஒரு சொல்லும் சொல்ல இடமில்லாதவர். ஆயினும் ஊர் திரும்பிய பெண்ணை நோக்கி, "உன்னை மட்டும் ஏன் நிறுத்தினார்கள்?" என்று கேட்ட உறவினர் உண்டு. அடுத்துத் துணிக்கடையிலோ மருந்துக்கடையிலோ அவள் சேர்ந்தால், "அவ்வளவு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு இங்கேயா?" என்று கேட்பவரும் அவரே. சம்பளக் குறைவை ஒரு குடும்பம் எப்படியோ ஈடுகட்டிவிடும். இக்கேள்விக்கு அஞ்சி வீட்டிலேயே தங்கிவிட்டவர் இழந்ததை ஈடுகட்டுவது அரிது.

அதற்காகக் கிடைத்த வேலை எதுவாயினும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டும் என்பதும் பொருந்தாது. பெரும்பாலோர் கூலித் தொகையை மட்டுமே ஒப்பிடுகின்றனர். வருங்கால வைப்பு நிதியைக் கேட்பதே இல்லை. இருபது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில் அந்நிதி கட்டாயம். அதனோடு இணைந்த ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணிக்காலம் வேண்டும். ஆலை தொடங்கிய 2006இலேயே சேர்ந்தவர்க்கும் 2014இல் எட்டாண்டே நிறைந்திருந்தது. ஏறத்தாழ இரண்டாண்டு குறை. அக்குறையை நிறைக்க முந்தைய வேலைக்கு நிகரான வேலை தேவையில்லை. வைப்பு நிதி பிடிக்கும் நிறுவனத்தில் ஒரு சாதாரண வேலையே போதும். வைப்பு நிதியில்லாத கடையில் மாதம் ஆயிரம் ரூபாய் கூடக் கிடைப்பினும், கணக்கிட்டுப் பார்த்தால் குறைந்த சம்பளமே மேலாகத் தோன்றும் இடங்கள் உண்டு.

இதை அறியாதவர் என்ன செய்தனர்? வேலை போன சில மாதங்களிலேயே வைப்பு நிதியோடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துச் செலவிட்டனர். வீட்டுக்கடன் நெருக்கும்போது அதைக் குற்றம் சொல்லல் ஆகாது. ஆனால் அப்பங்கை எடுத்த அன்றே எட்டாண்டுப் பணிக்காலமும் கணக்கிலிருந்து நீங்கிவிடும். அடுத்த வேலையில் முதலாண்டிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். பணத்தை எடாமல் பணிக்காலச் சான்றிதழாகப் பெற்றுக்கொள்ளும் வழி இருந்தது. படிவத்தில் எவ்வழியைத் தேர்ந்து கையொப்பம் இடுகிறோம் என்று படித்துப் பார்க்கச் சொல்ல, வீட்டில் ஒருவர் வேண்டியிருந்தது. படித்தவர் நிறைந்த குடும்பங்களிலும் அந்த ஒருவர் இல்லாது போனதே வருத்தம். ஓய்வூதியம் சிறு தொகைதான். குறைந்த அளவு மாதம் ஆயிரம் ரூபாய் என்று வரையறுத்ததே 2014இல்தான். எனினும் முதுமையில் பிறர் கையை நோக்காது வரும் ஆயிரத்தின் அருமையைப் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வர்.

இன்னும் ஒன்று. புதிய இடத்தில் கல்விச் சான்றிதழ்களின் மூலத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளிகள் உளர். நகல் கொடுத்தால் போதும். மூலத்தைக் கொடுத்தவர் நல்ல வேலை வரும்போது அவ்விடத்தை விட்டு எளிதில் வெளியேற இயலாது தவிப்பர். குறைந்த வேலையை ஏற்பது ஒன்று, அதற்குள் அடைபட்டுக் கிடப்பது வேறு.

திருப்பெரும்புதூரின் அவ்வளாகம் பாழ்பட்டுப் போய்விடவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின் கைப்பேசிச் சார்ஜர் செய்யும் சால்காம்ப் நிறுவனம் அதை வாங்கிற்று. சுற்றுவட்டாரத்தில் வேறு மின்னணு ஆலைகளும் பெருகின. அங்கே ஆளெடுக்கும்போது முதலில் கேட்கும் தாள்களுள் ஒன்று பழைய ஆலையின் அனுபவச் சான்று. ஆலை மூடிய அந்நாள்களில் அழுதுகொண்டே வரிசையில் நின்று அதைக் கேட்டு வாங்கியவர் இருந்தனர். இனி எதற்கு என்று வெறுத்து வாங்காமலே பேருந்து ஏறியவரும் இருந்தனர்.