உலாவிக்கு வேண்டிய துணைகள்

(சங்கத்தின் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இணைய உலாவியில் சேர்த்துக்கொள்ளத்தக்க நீட்சிகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் கூற முன்வந்துள்ளோம். கடிதம் எழுதுதல், பத்திரிகை படித்தல், வங்கிக் கணக்குப் பார்த்தல் ஆகிய யாவும் இக்காலத்தில் உலாவி வழியாகவே பெரிதும் நடைபெறுகின்றன. அத்தகைய கருவியை வந்தபடியே வைத்திருந்து அல்லற்படுவோர் பலர். கண்டதையெல்லாம் அதிற் சேர்த்துவிட்டுப் பின்னர் அல்லற்படுவோரும் உளர்.

பயர்பொக்ஸ் உலாவியின் முதலாம் பதிப்பு 2004ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி வெளிவந்தது. உலாவி சிறியதாக இருக்கட்டும், வேண்டுவோர் வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளட்டும் என்பது அதனை ஆக்கியோர் கொண்ட கொள்கை. 2008இல் வந்த கூகிள் நிறுவனத்தின் குரோம் உலாவியும் 2010இல் இவ்வசதியை யாவர்க்கும் அளித்தது.

எதனையும் சேர்க்குமுன், கையில் உள்ளதை அறிதல் நன்று. எழுத்துச் சிறிதாகத் தெரிகின்றதென்று வருந்தும் பெரியோர்கள் கண்ட்ரோல் விசையுடன் கூட்டற்குறி விசையை அழுத்தினாற் போதும், எழுத்துப் பெரிதாகும். பயர்பொக்ஸில் வாசிப்புப் பார்வை என்றொரு வசதியும் உண்டு. அது பக்கத்திலுள்ள படாடோபங்களை நீக்கிக் கட்டுரையை மட்டும் காட்டும். இவற்றுக்கு நீட்சி எதுவும் வேண்டியதில்லை.

இனி, சேர்க்கத்தக்க மூன்றைக் கூறுவோம். முதலாவது யூபிளொக் ஒரிஜின். றேமண்ட் ஹில் என்பார் 2014இல் வெளியிட்ட இந்நீட்சி விளம்பரங்களையும், நம்மைப் பின்தொடரும் வேவுநிரல்களையும் தடுக்கின்றது. அவர் இதற்கென நன்கொடையும் பெறுவதில்லை. குரோமின் விதிகள் மாறியமையால் முழு வடிவம் இப்போது அங்கு இயங்குவதில்லை. லைட் என்னும் எளிய வடிவமே உண்டு. பயர்பொக்ஸில் முழு வடிவம் இயங்குகின்றது. இரண்டாவது பிட்வோர்டன். எல்லாத் தளங்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைக்கும் கெட்ட வழக்கத்தை விட்டொழிக்க இது உதவும். ஒரு பிரதான கடவுச்சொல்லை நாம் நினைவில் வைத்தால், மற்றவற்றை அது பூட்டிப் பாதுகாக்கும். மூன்றாவது மாணவர்களுக்கானது. 2006இல் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சொட்டெரோ, நாம் பார்க்கும் நூல், கட்டுரை ஆகியவற்றின் ஆசிரியர், ஆண்டு முதலிய விபரங்களைத் தானே குறித்துக்கொள்ளும். இதற்குக் கணினியில் சொட்டெரோ செயலியையும் உலாவியில் அதன் இணைப்பானையும் நிறுவுதல் வேண்டும்.

அன்பர்களே, இங்கே ஓர் உண்மையை ஊன்றி நோக்குவோமாக. விளம்பரத்தை நீக்கும் நீட்சி, பெரும்பாலும் நாம் திறக்கும் பக்கங்கள் யாவற்றையும் பார்க்கும் அனுமதியைப் பெற்றிருக்கும். வீட்டுத் திறப்பை வேலைக்காரனிடம் கொடுப்பது போன்றது அது. நல்ல நீட்சியும் அந்த அனுமதியையே கேட்கும். தீய நீட்சியும் அதனையே கேட்கும். ஆகவே, என்ன கேட்கின்றது என்பதோடு, கேட்பவர் யார் என்பதையும் ஆராய்தல் அவசியம்.

தி கிரேட் சஸ்பெண்டர் என்னும் நீட்சியின் கதை இதற்குத் தக்க சான்று. உபயோகிக்காத பக்கங்களை உறங்கவைத்துக் கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்திய அந்நீட்சியை இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் குரோமில் வைத்திருந்தனர். 2020இல் அதனை ஆக்கியவர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்பவை. எனவே திறப்பு கைமாறியதை வீட்டுக்காரர் பலர் அறியவில்லை. 2021 பெப்ரவரியில் கூகிள் நிறுவனம் அதனைத் தீநிரல் என்று கண்டு நீக்கியது. உறங்கவைத்திருந்த பக்கங்களையும் பலர் இழந்து தவித்தனர்.

இதனால் நீட்சிகளே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. பயர்பொக்ஸில் மொஸில்லா நிறுவனத்தார் பரிசோதித்துப் பரிந்துரைக்கும் நீட்சிகளுக்குத் தனி அடையாளம் உண்டு. அதனைப் பார்த்துத் தெரிவு செய்க. உலாவியின் கடைக்கு வெளியே கிடைப்பதைச் சேர்க்காதீர்கள். மாதத்துக்கொருமுறை நீட்சிப் பட்டியலைத் திறந்து, பயன்படாதவற்றை அகற்றுங்கள். பயர்பொக்ஸில் கண்ட்ரோல், ஷிப்ட், ஏ ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் அப்பட்டியல் தோன்றும்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியோரின் கணினியிலே அப்பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் எதற்காக உள்ளது என்று அவர்களையே கேளுங்கள். விடை தெரியாதவற்றை அவர்களின் சம்மதத்துடன் நீக்குங்கள். நம் வீட்டுத் திறப்பு யார் யாரிடம் இருக்கின்றது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.