முதலைக் காத்த மூட்டை



அன்றைய வணிகனுக்குப் பெருந்துணை கைப்பொருளா, கட்டுச்சோறா? கட்டுச்சோறே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் சொன்னார், "காசு இருந்தா சோறு தானா வரும்"னு. ஐயா, எங்கே வரும்? இதோ நம்ம சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலை. இன்னைக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறினா ஏற்காடு. வழியிலே டீக்கடை. அன்னைக்கு? மலையிலே சாமை விளையும், கேழ்வரகு விளையும். உப்பு விளையுமா? கடற்கரையிலிருந்து ஒருத்தன் சுமந்துக்கிட்டுத்தானே வரணும்? அவன் நடுக்காட்டுல காசைக் கடிச்சுத் திங்க முடியுமா? (சிரிப்பு)

உப்பு வணிகர்களை உமணர் என்றார்கள். அவர்களுடைய வண்டியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அதிலே கயிற்றால் கட்டிய காடிப் பானை இருக்கிறது. காடி என்றால் புளித்தது. புளித்ததை ஏன் கொண்டு போனான்? புளிப்பு இருக்கிற இடத்துல கெடுதல் அண்டாது!

நம்ம பாட்டிமார் கணக்கும் அதுதான். முதல் நாளுக்குத் தயிர்ச்சோறு. மறுநாளுக்கு நல்லெண்ணெய் ஊற்றிய புளிச்சோறு. அதற்கப்புறம் அவல், வறுத்த மாவு. ஈரம் இருந்தாத்தானே கெடும்? ஈரத்தை எடுத்துட்டா மாதக் கணக்கில் நிற்கும். அடுப்பு வேண்டாம், தண்ணி போதும். திபெத்து வணிகன் வறுத்த பார்லி மாவோடு நடந்தான். அரபு வணிகன் பேரீச்சம்பழத்தோடு ஒட்டகம் ஏறினான். ஊர் வேறு, கணக்கு ஒண்ணு!

"சத்திரம் இருந்ததே" என்றார். ராணி மங்கம்மாள் கட்டினார், மறுக்கல. ஆனா அது சாலையிலே. ஒத்தையடி மலைப் பாதையிலே சத்திரம் ஏது?

கடைசியா ஒண்ணு. பசியோட சந்தைக்குப் போனவன் என்ன செய்வான்? கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவான். வயிறு நிறைஞ்சவன்? "இன்னைக்கு விலை படியலையா, நாளைக்குப் பார்ப்போம்"னு மூட்டை மேலே உட்கார்ந்துடுவான். (கைதட்டல்) ஆக, அவன் முதலைக் காப்பாத்தினது எது? ஆத்து முதலை இல்லீங்க, போட்ட முதல்! (சிரிப்பு) மடியிலே இருந்த காசு கள்ளனை அழைச்சது. தோளிலே தொங்கின சோறு பேரம் பேச வச்சது.

நடுவர் அவர்களே, மதியம் நல்லாச் சாப்பிட்டிருப்பீங்க. பசியில்லாத நேரத்துலதான் நியாயமான தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பைக் கட்டுச்சோற்றுக்கே தாருங்கள்.