சிதறி வரும் செய்தியை மீட்கும் கணக்கு



தொண்ணூறுகளில் வன்னியில் படித்த எங்களுக்கு வெளியூர்க் கடிதம் ஒன்று கிடைக்கப் பல கிழமைகள் ஆகும். இன்று ரொறன்ரோவிலிருந்து பேத்தி அழைத்தால், கிளிநொச்சியில் அம்மம்மா உடனே "சொல்லு பிள்ளை" என்கிறார். அந்தக் குரல் கடைசியில் கோபுரத்திலிருந்து கைத்தொலைபேசிக்கு வானலையாக வருகிறது. சுவரிலும் மரத்திலும் வீதியால் போகும் லொறியிலும் பட்டுத் தெறித்துப் பல வழிகளால் வருகிறது. வழிகளின் நீளம் வேறு வேறு என்பதால் ஒரே செய்தி பிந்திப் பிந்தி, ஒன்றின்மேல் ஒன்றாக விழுகிறது. அந்தக் கலவையைப் பிரித்தெடுக்கும் கணக்கை டிகொன்வலூஷன் என்பார்கள்.

எட்டாம் ஆண்டுப் பிள்ளைக்கும் இது விளங்கும். முதலில் 1 என்ற எண்ணை அனுப்புகிறோம். மறுபக்கத்தில் 1 வருகிறது. அடுத்த நொடி அதன் எதிரொலியாக அரை வருகிறது. இந்த வழியின் குணம் தெரிந்துவிட்டது. இனி, நமக்குத் தெரியாத ஒரு செய்தி 4, 4, 1 என்று வந்து சேர்கிறது. முதல் எண் 4 சரியானது. அதன் எதிரொலி 2; அதை இரண்டாவது 4இல் கழித்தால் 2. அந்த 2இன் எதிரொலி 1. அதைக் கழித்தால் மீதி இல்லை. அனுப்பிய செய்தி 4, 2.

ஆகவே வழியை அறிய, இரு பக்கமும் முன்பே அறிந்த ஒன்றை அனுப்ப வேண்டும். ஜி.எஸ்.எம். முறையில் ஒரு தடவை அனுப்பும் 148 பிட்டுகளில், நடுவிலுள்ள 26 பிட்டுகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. ஒரு பிட்டின் நேரத்தில் அலை ஏறத்தாழ 1.1 கிலோமீற்றர் ஓடிவிடும். அவ்வளவு தூரம் கூடுதலாகச் சுற்றி வரும் எதிரொலி அடுத்த பிட்டின்மேல் விழும். அதைக் கண்டு நீக்கவே அந்த 26.

வைத்தியர்களாகிய நாங்களும் இதே கணக்கை நம்பியிருக்கிறோம். பக்கவாத நோயாளிக்குச் சில வேளைகளில் கை நாளத்தில் ஒரு மருந்தை ஏற்றி, மூளையைத் தொடர்ந்து சி.ரி. படம் எடுப்பார்கள். இதயத்தையும் நுரையீரலையும் கடந்து வரும்போது அந்த மருந்து பரந்துவிடுகிறது. மூளைக்குப் போகும் நாடியில் அது வந்த விதத்தை அளந்து, மூளையில் தெரிந்த விதத்திலிருந்து பிரித்தெடுத்தால், எந்தப் பகுதிக்கு இரத்தம் போதவில்லை என்று தெரியும். இன்னும் காப்பாற்றக்கூடிய பகுதி எது என்று முடிவுசெய்ய அது உதவும். ஆனால் படத்தில் சிறு இரைச்சல் இருந்தாலும் இந்தக் கணக்கு அதைப் பெரிதாக்கிவிடும். எனவே இரைச்சலை அடக்கும் முறைகளும் வேண்டும். நோயாளியை நேரில் பார்க்கும் கண்ணும் வேண்டும்.

பொள்ளாச்சியில் 1944இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இந்தியக் கடற்படையில் பணியாற்றிப் பின்னர் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் சென்றவர். சிதறலை நீக்குவதோடு நில்லாமல், பயன்படுத்தவும் முடியும் என்று அவர் கண்டார். பல அன்ரெனாக்களை வைத்தால் ஒவ்வொன்றும் வேறு கலவையைக் கேட்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டே ஒரே அலைவரிசையில் பல செய்திகளை அனுப்பலாம். 2014இல் மார்க்கோனி பரிசு பெற்றார். இன்றைய 4ஜியிலும் வைஃபையிலும் இருப்பது இந்த வழிதான். இதற்கும் சிதறும் விதத்தை முதலில் அளந்தாக வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் எடுக்கும் பிள்ளைகள் பத்தாம் பதினோராம் ஆண்டுக் கணிதத்தோடு கணக்கை மூடி வைத்துவிடுகிறார்கள். வைத்தியராக வர அது போதும் என்ற எண்ணம் எங்கள் காலத்திலும் இருந்தது. இன்று அது போதாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது. வவுனியாவிலும் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் உண்டு. பழைய மாணவிகளிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: மாதம் ஒரு சனிக்கிழமை, இருக்கும் நாட்டிலிருந்தே, இரு பிரிவுப் பிள்ளைகளையும் சேர்த்து இணையவழியில் ஒரு மணி நேரம் கணிதம் சொல்லிக்கொடுங்கள். முதல் மூன்று மாதங்களை இங்குள்ள வைத்தியர்கள் நாங்கள் ஏற்கிறோம்.