பிறவிக் குறையும் பரிகாரமும்

1934ஆம் ஆண்டில் நார்வே நாட்டு அன்னை ஒருவர், அறிவு வளர்ச்சி குன்றிய தம் குழந்தைகள் இருவருக்காக டாக்டர் ஃபோலிங்கை நாடினார். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடைச் சேர்த்ததும் அது பச்சை நிறம் கொண்டது. காரணம் பின்னர் விளங்கிற்று. உணவின் புரதத்திலுள்ள ஃபினைல் அலனினை மாற்றும் ஈரல் நொதி பிறவியிலேயே குறைவு. பெற்றோர் இருவர் வழியாகவும் வரும் குறை அது. மாறாது தேங்கும் பொருள் மூளையைக் கெடுக்கிறது.

அப்பொருளைக் குறைத்த உணவு நன்மை தருவதை, 1953இல் பர்மிங்காம் நகரில் பிக்கல் குழுவினர் அறிவித்தனர். பச்சிளங் குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தத்தால் இந்நோயைக் கண்டறியும் முறையை 1960களில் அமெரிக்கரான கத்ரி பரப்பினார். அவ்வன்னையின் மக்களைக் காக்க அவை காலங்கடந்து வந்தன; பின் பிறந்த எத்தனையோ குழந்தைகளைக் காத்தன. பரம்பரைக் குறைக்குப் பரிகாரமே இல்லை என்பாரிடம் நான் இவ்வரலாற்றையே எடுத்துரைப்பேன்.