குளிர்நாட்டுக் கொடியும் நம் வளவுப் பந்தலும்

நோயாளரைப் பார்க்கச் செல்பவர் வெறுங்கையோடு செல்லலாகாது என்பது நம் கரையோர ஊர்களில் நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். முன்னாளில் ஒரு சீப்பு வாழைப்பழமோ, வளவில் பறித்த இரண்டு மாதுளம்பழமோ கையில் இருக்கும். பின்னர் அப்பிளும் முந்திரிகைப் பழமும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. இப்பொழுது கல்முனைக் கடைத்தெருவில் பழக்கடையின் முன்னே நின்று பார்த்தால், அப்பிளுக்குப் பக்கத்தில் முயற்குட்டியின் முதுகுபோல மென்மயிர் போர்த்த பழுப்பு நிறப் பழம் ஒன்றையும் காணலாம். அதுவே கிவிப் பழம். குறுக்கே வெட்டினால் பச்சைச் சதையும், நடுவே வெண்மையும், அதனைச் சுற்றிக் கருஞ்சீரகம் தூவினாற்போன்ற விதைகளும் கண்ணைக் கவரும். ஒரு பழத்தின் விலையைக் கேட்டாலோ, அந்தப் பணத்துக்கு ஒரு வேளைக் கறிக்கு மரக்கறி வாங்கலாமே என்ற எண்ணம் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், நோயுற்றிருந்த என் உம்மாவைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் இப்பழம் நான்கைக் கொண்டுவந்தார். வெட்டிய பழத்தை வியப்போடு பார்த்த என் இளைய மகள், "வாப்பா, இதை நட்டால் நம்முடைய வளவிலும் காய்க்குமா?" என்று கேட்டாள். காய்க்காது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. காய்க்கும் என்று சொல்ல ஆசை இருந்தது. விதைகளைக் கழுவி, ஈரத்துணியில் சுற்றி, ஒரு மாதம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து விதைத்தோம். சில முளைத்தன. அவற்றுள் ஒன்று மிஞ்சிக் கொடியாயிற்று.

கொடிக்குப் பந்தல் வேண்டுமன்றோ? எங்கள் வளவு சிறியது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்து சென்றபின், கரையோரக் குடும்பங்கள் பல, இருந்த பெருவளவுகளையும் பழமரங்களையும் இழந்து சிறு துண்டு நிலங்களில் வீடு கட்டிக்கொண்டதை நேயர்கள் அறிவீர்கள். எங்கள் கிணற்றடியில் இருந்தது ஒரே பந்தல். அதில் கொடித்தோடை படர்ந்து நின்றது. வீடு மீளக் கட்டிய நாளில் உம்மா முதன்முதலாக வைத்த கொடியின் வித்துவழியில் வந்தது அது. நான் அதனை வெட்டி, புதிய விருந்தாளிக்கு இடம் செய்தேன். "காய்க்கிற கொடியை ஏன் மகன் வெட்டுகிறாய்?" என்று உம்மா ஒருமுறை கேட்டார். அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை.

மாரிகாலத்தில் கிவிக்கொடி செழிப்பாகவே வளர்ந்தது. ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வீசத் தொடங்கியதும் இலையின் ஓரங்கள் கருகின. மறு மாரியில் மீண்டும் துளிர்த்தது. மறு கச்சானில் மீண்டும் கருகியது. மூன்றாம் ஆண்டில் அடியோடு காய்ந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒரு மொட்டையேனும் நாங்கள் காணவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்று தேடிப் படித்தபோது அறிந்துகொண்டவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கிவியின் தாயகம் பெயரால் தோன்றுவதுபோல நியூசிலாந்து அன்று, சீனம். யாங்சி ஆற்றுப் பக்கத்து மலைக்காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி வளரும் காட்டுக்கொடி அது. சீனர் அதனைக் குரங்குப் பீச் என்னும் பொருள்படும் பெயரால் வழங்குகின்றனர். நியூசிலாந்தின் வங்கனூயி நகரில் பெண்கள் கல்லூரித் தலைமையாசிரியையாக இருந்த இசபெல் பிரேசர் என்பவர், சீனத்தில் யிச்சாங் நகரில் பணிசெய்த தம் சகோதரியைக் கண்டு 1904ஆம் ஆண்டில் நாடு திரும்பியபோது இதன் விதைகளைக் கொண்டுவந்தார். அவை அலெக்சாண்டர் அலிசன் என்பவரின் கைக்குச் சென்று, 1910ஆம் ஆண்டில் அங்கு முதன்முதலாகக் காய்த்தன. பின்னர் ஓக்லாந்து நகரின் நாற்றுப்பண்ணைக்காரர் ஹேவாட் ரைட் தெரிந்தெடுத்த பெரும்பழ வகை, அவர் பெயராலேயே ஹேவாட் எனப் புகழ்பெற்றது. சீன நெல்லி என்று விற்கப்பட்ட பழத்துக்கு, அந்நாட்டின் பறக்காப் பறவையின் பெயரைச் சூட்டிக் கிவி என்று வணிகர் விற்கத் தொடங்கியது 1959ஆம் ஆண்டிலாகும்.

இக்கொடியின் இயல்பில் நாம் அறியவேண்டிய முதன்மையான செய்தி, அது நித்திரை கொள்ளும் கொடி என்பதே. இலையுதிர்காலத்தில் இலைகளை உதிர்த்துவிட்டு, குளிர்காலம் முழுவதும் அது உறங்குகிறது. அந்த உறக்கம் நிறைவு பெறவேண்டுமாயின், வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே நிற்கும் மணித்தியாலங்கள் வேண்டும். ஹேவாட் வகைக்கு அத்தகைய குளிர் மணித்தியாலங்கள் ஏறத்தாழ 600 முதல் 800 வரை தேவை. உறக்கம் குறைந்தால் வசந்தத்தில் மொட்டுகள் சரிவர விழிப்பதில்லை. இலை வந்தாலும் பூ வருவதில்லை. நம் கல்முனைக் கரையிலோ மார்கழி, தை மாதத்து வாடைக் காற்றிலும் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எங்கள் கொடி ஓர் இரவேனும் உறங்கவில்லை. ஆதலின் அது பூக்கவும் இல்லை. நுவரெலியாவில் நடலாமே என்று சிலர் கேட்கலாம். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில் உள்ள அவ்வூரில் தை மாதத்து இரவுகள் சிலவற்றில் உறைபனியும் விழுவதுண்டு. எனினும் இரவுக் குளிரைப் பகல் வெயில் கலைத்துவிடுகிறது. வாரக்கணக்காக நீடிக்கும் குளிர்காலம் அங்கும் இல்லை.

இந்த உண்மையை இந்தியர் நமக்கு முன்பே பட்டறிந்தனர். அந்நாட்டில் கிவி முதலில் நடப்பட்டது 1960ஆம் ஆண்டளவில் பெங்களூர் லால்பாக் பூங்காவில். குளிர் போதாமையால் அங்கு அது காய்க்கவில்லை. 1963ஆம் ஆண்டில் இமயமலைச் சாரலில் உள்ள சிம்லாவில் சில வகைகளை நட்டனர். 1969ஆம் ஆண்டில் அவை காய்த்தன. இன்று இமாசலப் பிரதேசத்திலும், அருணாசலப் பிரதேசத்தின் சீரோ பள்ளத்தாக்கிலும் கிவித் தோட்டங்கள் உள்ளன. பெங்களூரில் உழைப்பும் அறிவும் குறைவாக இருந்தன என்று எவரும் சொல்லார். குறைவாக இருந்தது குளிர் ஒன்றே.

எனக்குத் தெரியாதிருந்த இன்னொரு செய்தியும் உண்டு. கிவியில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. காத்தான்குடித் தெருவோரத்துப் பேரீச்சையைக் கண்டவர்க்கு இது புதிதன்று; பனையும் அத்தகையதே. ஆண்கொடியின் மகரந்தம் பெண்பூவுக்குச் சேர்ந்தாலன்றிக் காய் இல்லை. விதையிலிருந்து வந்த கொடி ஆணா, பெண்ணா என்பது பூக்கும்வரை தெரியாது. பூப்பதற்கோ ஏழு ஆண்டுகள்வரையும் செல்லலாம். ஆகவே, ஒற்றைக் கொடியை வைத்துக்கொண்டு காத்திருந்த நான், குளிர்நாட்டில் இருந்திருந்தாலும் ஏமாந்தே இருப்பேன்.

நம் பிள்ளைகள் பலர் இன்று இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். அவர்களது வீட்டுத் தோட்டத்தில் இக்கொடி நன்றாகவே வளரும். ஆதலின் அவர்களுக்காகச் சில குறிப்புகள். விதையை நம்பாது, நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கன்று வாங்குக. ஆண் ஒன்றும் பெண் ஒன்றும் நான்கைந்து மீற்றர் இடைவெளியில் வைக்க. ஓர் ஆண்கொடி ஆறு முதல் எட்டுப் பெண்கொடிகளுக்குப் போதும். இடம் மிகச் சிறிதாயின், தன்னிலேயே காய்க்கும் ஜெனி என்னும் வகை உண்டு. வெயில் விழுவதும் காற்று அடிக்காததுமான சுவரோரம் நன்று. வேர் ஆழமாகச் செல்வதில்லை. ஆகவே கோடையில் நீர் குறையலாகாது, மாரியில் நீர் தேங்கலாகாது. கொடி மிகப் பாரமானது. கம்பும் கயிறும் தாங்கா, உறுதியான தூணும் கம்பியும் வேண்டும். பூனைகளுக்கு இக்கொடியின் வாசனை மிகப் பிரியம். இளங்கன்றைச் சுற்றி வலை கட்டாவிடில் கீறி அழித்துவிடும். வசந்தத்துத் துளிர் பின்பனிக்கு அஞ்சும். பனி விழக்கூடிய இரவில் துணி போர்த்துக. கத்தரிக்கும் வேலையைக் கொடி உறங்கும் நடுக்குளிர்காலத்தில் முடித்துவிடவேண்டும். பிந்தினால் வெட்டுவாயிலிருந்து சாறு நெடுநேரம் வடியும். பழத்தைக் கல்லுப்போல இருக்கும்போதே பறித்து, வேண்டியபோது ஓர் அப்பிளோடு பையில் கட்டி வைத்தால் சில நாளில் பழுக்கும். கடுங்குளிர் உள்ள கனடாப் பகுதிகளுக்கு, முந்திரிகைப் பழ அளவினதாய், மயிரின்றித் தோலோடு உண்ணக்கூடிய இன்னொரு கிவியினம் ஏற்றது. கடைசியாக ஒரு குறிப்பு: பச்சைக் கிவியைப் பாலோடு கலந்து வைத்தால் பால் கசக்கும். இறைச்சியை மெதுவாக்க நாம் பப்பாசிக்காய் சேர்ப்பதில்லையா? அதுபோன்ற புரதத்தைக் கரைக்கும் சத்து இப்பழத்திலும் உண்டு.

இனி நம் வளவுக்கு வருவோம். கிவி அங்கே செய்யும் வேலையை நம் கரையில் செய்ய ஒரு கொடி இருக்கிறது. நான் வெட்டிய கொடித்தோடையே அது. தென்னமெரிக்காவிலிருந்து வந்த கொடியாயினும், அது குளிர் கேட்பதில்லை. ஊதாநிறப் பழம் மலைநாட்டுக்கு உரியது. மஞ்சட்பழம் தாழ்நாட்டுக்கு உரியது. நாம் வைக்கவேண்டியது மஞ்சளே. பழத்திலிருந்து எடுத்த புதுவித்தைக் காயவிடாது விதைத்தால் சில வாரங்களில் முளைக்கும். நட்டு ஏறத்தாழ ஓராண்டில் காய்க்கத் தொடங்கும்.

நம் மணல்நிலம் நீரையும் எருவையும் நிறுத்திவைக்காது. ஆகவே குழியை இரண்டடி ஆழம் வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சை அடுக்கி, மேலே மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. மாரிவெள்ளம் தேங்கும் பள்ளத்தில் வேர் அழுகும். அங்கே மண்ணை மேடாக்கி நடுக. கச்சான் காலத்தில் வேரடியைச் சருகால் மூடி, மாலையில் நீர் விடுக. கிணற்று நீர் சவராக இருந்தால் இக்கொடி தாங்காது. அத்தகைய வளவுக்கு மாதுளையும் பேரீச்சையும் மேல்; அவை ஓரளவு உப்பைப் பொறுக்கும்.

மஞ்சட் கொடித்தோடையில் ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. எனினும் தன் மகரந்தத்தைத் தான் ஏற்காது. வேறொரு கொடியின் மகரந்தமே வேண்டும். ஆகவே வெவ்வேறு வித்துவழியில் வந்த இரண்டு கொடிகளை வைக்கவேண்டும். "பூக்கிறது, காய்க்கவில்லை" என்று பலர் குறைப்படுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மரத்தைத் துளைத்து வாழும் பெரிய கருவண்டே இப்பூவுக்கு ஏற்ற தூதன். அதனை விரட்டாதீர்கள், பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். வண்டு வராத வளவில், லுஹர் வேளைக்குப் பின் மலரும் பூவிலிருந்து சிறு தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டு மற்றக் கொடியின் பூவில் தடவினால் போதும். காய் புதுக்கிளையிலேயே பிடிக்கும். ஆதலின் ஒரு காய்ப்பு முடிந்ததும் கொடியைக் கத்தரித்துவிடுக. பழம் முற்றியபின் தானே கீழே விழும்; பறிக்க வேண்டியதில்லை.

சத்து இருப்பதாலன்றோ கிவியை நோயாளருக்கு வாங்குகிறோம் என்று நீங்கள் கேட்கலாம். உண்மையே. 100 கிராம் பச்சைக் கிவியில் ஏறத்தாழ 90 மில்லிகிராம் விற்றமின் சி உண்டு. கொடித்தோடையில் 30 அளவே, பப்பாசியில் 60. ஆனால் வேலியோரத்தில் விழுந்து அணில் கொறிக்கும் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. கிவி நல்ல பழம். அதனை நான் இகழவில்லை. கைப்பொருள் உள்ளவர் வாங்கட்டும். கடன்பட்டு வாங்குபவர் மட்டும், தம் வளவில் விழும் பழத்தை ஒருமுறை குனிந்து பார்க்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கிவி காய்ந்தபின் பந்தல் சில நாள் வெறுமையாக நின்றது. உம்மா முன்னொருநாள் பக்கத்து வளவுக்குக் கொடுத்த வித்தின் கொடி அங்கு இன்னும் காய்த்துக்கொண்டிருந்தது. அதன் பழம் ஒன்றை அவ்வீட்டார் தந்தனர். இரண்டாவது வித்தை நற்பிட்டிமுனை உறவினர் வீட்டிலிருந்து வாங்கிவந்தோம். மறு ஆண்டு பூத்தபோது, பிற்பகலில் தூரிகையும் கையுமாகப் பந்தலடியில் நின்றவள் என் மகள். முதற்பழம் விழுந்தபோது சாறு பிழிந்து, சீனி சேர்த்து உம்மாவுக்குக் கொடுத்தோம். அவர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் என்னால் விடை சொல்ல முடிந்தது.

நேயர்களே, புதிய செடியொன்றின் மீது ஆசை வருவது தவறன்று. அந்த ஆசையாலேயே கொடித்தோடையும் கொய்யாவும் பப்பாசியும் கடல்கடந்து நம்மிடம் வந்தன. ஆனால் நடுவதற்குமுன் அச்செடி எந்தக் குளிரைக் கேட்கிறது, எந்த நீரைக் கேட்கிறது, துணைக்கொடியைக் கேட்கிறதா என்று விசாரியுங்கள். அதற்கு இடம் செய்வதற்காகக் காய்க்கின்ற கொடியொன்றை வெட்ட நேருமாயின், அரிவாளை எடுக்குமுன் வீட்டிலுள்ள மூத்தோரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.